நெஞ்சு நீரை எடுத்த பிறகும் வெண்டிலேட்டர் ஏன்?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நோட்டுத்தாளில் ஆறு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு வயது 66. விசைத்தறிப் பட்டறை வைத்திருந்தவர். இருபது ஆண்டுச் சர்க்கரை நோய் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் பைபாஸ் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. இதயத்தின் 'பம்பிங்' 35 விழுக்காடு. நிமோனியாவோடு தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்த மறுநாளே மூச்சுத்திணறல் முற்றி வெண்டிலேட்டரில் வைத்துவிட்டார்கள். கடிதம் எழுதிய அன்று அது ஒன்பதாம் நாள். இடையில் சிறுநீர் குறைந்து சிறுநீரகம் மந்தமாவதைக் காட்டும் கிரியேட்டினின் 2.1க்கு ஏறியிருக்கிறது. ஆறாம் நாள் ஸ்கேன் பார்த்து, இரண்டு பக்கமும் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வலது பக்கம் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். 800 மி.லி. வந்ததும் குழாயை மூடிவிட்டு, பிறகு திறந்து, விடிவதற்குள் மேலும் 400 மி.லி. எடுத்திருக்கிறார்கள். வைக்கோல் நிற நீர்.

காலையில் மெஷினை எடுத்துவிடுவார்கள் என்று வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். எடுக்கவில்லை. "செம்பு நிறையத் தண்ணீரை நெஞ்சிலிருந்து இறக்கியும் அப்பாவால் தானாக மூச்சுவிட முடியவில்லை என்றால், எடுத்தது எதற்கு?" என்று கேட்கிறார் வாசகி. பில்லைக் கூட்டத்தான் என்பது அண்ணனின் கட்சி. ஒருமுறை எடுத்துவிட்டால் ஆயுளுக்கும் ஊறிக்கொண்டே இருக்கும், எடுத்ததே தப்பு என்பது பெரியப்பாவின் கட்சி. இடது பக்க நீரை ஏன் அப்படியே விட்டார்கள், படிவத்தில் 'உயிரிழப்பு' என்று எழுதியிருந்ததன் பொருள் என்ன, வேறு மருத்துவமனைக்கு மாற்றலாமா, கேஸ் ஷீட் நகலைக் கேட்டால் கொடுப்பார்களா என்று வரிசையாகக் கேள்விகள். கடைசிப் பக்கத்தில் அம்மாவின் கேள்வி ஒன்றும் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை, எக்ஸ்ரேயையும் பார்க்கவில்லை. ஆகவே அங்கே நடந்தது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்து அவ்வப்போது சொல்லப்பட்ட எண்களையெல்லாம் தேதியும் நேரமும் போட்டு எழுதி வைத்திருக்கிறீர்களே, அந்தப் பழக்கத்தால் நான் ஊகிக்க வேண்டியது பாதியாகக் குறைந்துவிட்டது. பல நோயாளிகளின் கேஸ் ஷீட்டில்கூட இவ்வளவு ஒழுங்கை நான் பார்த்ததில்லை.

நீர் இருந்த இடம்

'நுரையீரலில் நீர்' என்று மருத்துவர்களான நாங்களும் பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நீர் நுரையீரலுக்கு உள்ளே இல்லை. நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் இருக்கின்றன. அவை உரசாமல் வழுக்கிக்கொள்ள, நலமாக இருக்கும் 60 கிலோ மனிதருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 15 மி.லி. அளவு நீர் இருக்கும். மூன்று தேக்கரண்டி. ஊறுவதும் வடிவதும் சமமாக நடக்கும்வரை அது அந்த அளவிலேயே நிற்கும். இதயம் தளர்ந்தாலோ, சிறுநீரகம் மந்தமானாலோ, இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்தாலோ, பக்கத்தில் நிமோனியா இருந்தாலோ சமன் குலைந்து நீர் தேங்குகிறது. உங்கள் அப்பாவுக்கு இவற்றில் மூன்று நிச்சயம் இருக்கின்றன. நாள்கணக்கில் படுக்கையில் இருப்பவருக்கு நான்காவதும் இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி முக்கியமான திருத்தம். 1,200 மி.லி. நீர் தேங்கினால் நுரையீரல் 1,200 மி.லி. சுருங்கியிருக்கும், எடுத்ததும் அதே அளவு விரிந்துகொள்ளும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. நீர் தனக்கு வேண்டிய இடத்தில் பெரும்பகுதியை விலாக்கூட்டை வெளியே தள்ளியும் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானத்தைக் கீழே அழுத்தியும் பிடித்துக்கொள்கிறது. நுரையீரல் விட்டுக்கொடுப்பது மிச்சத்தைத்தான். ஆகவே ஒரு லிட்டர் எடுத்தால் நுரையீரலின் கொள்ளளவு கூடுவது பெரும்பாலும் அரை லிட்டருக்கும் குறைவாகவே இருக்கும். நிமோனியா பிடித்த பகுதியோ உள்ளே சளியும் சீழும் அடைத்துக் கிடப்பது. வெளியே இருக்கும் நீரை எடுப்பதால் அந்த அடைப்பு திறக்காது.

அப்படியானால், இதே அளவு நீரை எடுத்ததும் வெளிநோயாளிப் பிரிவில் சிலர் 'அப்பாடா' என்று நிமிர்ந்து உட்காருகிறார்களே, எப்படி? அதற்குக் காரணம் பெரும்பாலும் உதரவிதானம். அது மூச்சின் முதன்மைத் தசை. குடை விரித்தாற்போல் மேல்நோக்கிக் கவிந்திருப்பது. நீரின் எடை மிகும்போது அந்தக் குடை தட்டையாகும். எடை இன்னும் கூடினால், புயல்காற்றில் குடை தலைகீழாக மடிவதுபோல், குழிந்தே போய்விடும். அப்போது அந்தத் தசை சுருங்கினாலும் காற்று உள்ளே வராது, உழைப்புத்தான் வீணாகும். நீர் இறங்கியதும் குடை மறுபடி கவிகிறது, மூச்சு லேசாகிறது. ஆக்சிஜன் அளவு அப்படியே இருந்தாலும் நோயாளிக்கு அது பெரிய விடுதலை.

உங்கள் அப்பாவோ மயக்க மருந்தில் இருக்கிறார். மூச்சுத் தசையின் வேலையை மெஷின் செய்கிறது. லேசாகிவிட்டது என்று சொல்ல அவரால் முடியாது. ஓய்வில் இருக்கும் தசைக்கு எவ்வளவு வசதி கூடியது என்பதை மானிட்டராலும் காட்ட முடியாது. இந்தப் பலனில் ஒரு பங்கு இனிமேல்தான் தெரியும்: மயக்க மருந்தைக் குறைத்து, மெஷினின் உதவியைக் குறைத்து, அவர் தசையை அவரே பயன்படுத்தத் தொடங்கும் அன்று. அதற்கும் உத்தரவாதம் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு மருத்துவமனைகளில் செய்யப்பட்டு 2017இல் வெளியான ஓர் ஆய்வில், வெண்டிலேட்டரிலிருந்து விடுவிக்கும் கட்டத்தில் நெஞ்சில் நீர் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வெற்றி தோல்வியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

உங்கள் நோட்டிலேயே விடை இருக்கிறது

'ஒரு மாற்றமும் இல்லை, சாச்சுரேஷன் 94இலிருந்து 95க்குத்தான் வந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். விரல் கிளிப் காட்டும் அந்த ஆக்சிஜன் அளவை, சாச்சுரேஷனை, மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அது குறையாமல் இருப்பதற்காகத்தானே மெஷினில் ஆக்சிஜனை ஏற்றியும் இறக்கியும் வைக்கிறோம்? கேட்க வேண்டியது, எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்து இந்த எண் வந்தது என்பது.

இரத்த வாயுப் பரிசோதனைச் சீட்டிலிருந்து இரண்டு வரிகளை நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். குழாய் போடுவதற்கு முன்: கொடுத்த ஆக்சிஜன் 60 விழுக்காடு, இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 78. மறுநாள் காலை: கொடுத்தது 55 விழுக்காடு, இரத்தத்தில் 84. நாங்கள் இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பார்ப்போம். 78ஐ 0.60ஆல் வகுத்தால் 130. 84ஐ 0.55ஆல் வகுத்தால் ஏறத்தாழ 153. நலமாக உள்ள ஒருவர் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது இந்தக் கணக்கு 400க்கு மேல் இருக்கும். 100க்கும் 200க்கும் இடைப்பட்டது நடுத்தரத் தீவிரம். அப்பா இன்னும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறார். வெண்டிலேட்டரை ஏன் எடுக்கவில்லை என்பதற்கான விடை இதுதான். ஆனால் 130 என்பது 153 ஆகியிருக்கிறது. கிட்டத்தட்ட 18 விழுக்காடு முன்னேற்றம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெண்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு நெஞ்சு நீரை எடுப்பது பற்றிய 19 ஆய்வுகளைத் திரட்டி, 1,124 நோயாளிகளின் விவரங்களோடு 2011இல் ஒரு தொகுப்பாய்வு வெளியானது. இதே கணக்கில் அவர்கள் கண்ட சராசரி முன்னேற்றமும் 18 விழுக்காடுதான். அந்த எண் அவற்றில் ஐந்தே ஆய்வுகளிலிருந்து, 118 பேரை வைத்துக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். சிலருக்கு நிறையக் கூடியது, சிலருக்கு ஒன்றுமே கூடவில்லை. நீரை எடுத்தால் வெண்டிலேட்டர் நாட்கள் குறையும் என்று சொல்லவோ குறையாது என்று சொல்லவோ அந்த ஆய்வுகளில் தரவே இல்லை. ஆகவே 'எடுத்தால் மெஷினை எடுத்துவிடலாம்' என்று யாராவது உங்களிடம் வாக்குக் கொடுத்திருந்தால், அது கொடுத்திருக்கக் கூடாத வாக்கு. உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அப்படி யாரும் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. வீட்டாரே அப்படி நினைத்துக்கொண்டதாகத் தெரிகிறது. ஆனால் இதில் எங்கள் தரப்புக்கும் பங்கு உண்டு. 'நீரை எடுத்தால் கொஞ்சம் நல்லாயிருக்கும்' என்று நாங்கள் அவசரத்தில் சொல்லிவிட்டுப் போகிறோம். அந்தக் 'கொஞ்சம்' வாசலில் நிற்பவர்களின் காதில் விழுவதில்லை.

இந்த 18ஐயும் முழுக்க நீருக்கே வரவு வைத்துவிடாதீர்கள். அதே இரவில் நீர் பிரியும் ஊசியும் போட்டிருக்கிறார்கள், சளியும் உறிஞ்சியிருக்கிறார்கள், பக்கம் மாற்றியும் படுக்க வைத்திருக்கிறார்கள். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சுருங்கிக் கிடந்த நுரையீரல் பகுதி விரியவும் நேரம் பிடிக்கும். ஈரத்தில் ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் பை ஊதியவுடன் பிரியாது. மெஷின் கொடுக்கும் அழுத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிரியும். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒன்றரை லிட்டர் எடுத்துவிட்டு மானிட்டர் முன்னால் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன், எண் ஏறும் ஏறும் என்று. ஏறவில்லை. மறுநாள் மதியம்தான் அசைந்தது.

இடது பக்கத்தை விட்டது அலட்சியமா?

ஸ்கேன் அறிக்கையில் நீரின் தடிமன் வலது பக்கம் 55 மி.மீ., இடது பக்கம் 18 மி.மீ. என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மல்லாந்து படுத்திருக்கும் வெண்டிலேட்டர் நோயாளிகளுக்கென்றே ஒரு எளிய சூத்திரம் உண்டு: மி.மீ. கணக்கை இருபதால் பெருக்கினால் நீரின் அளவு மி.லி.யில் தோராயமாகக் கிடைக்கும். வலது பக்கம் 1,100. எடுத்தது 1,200. கணக்கு ஒத்துப்போகிறது. இடது பக்கம் சுமார் 360 மி.லி.தான். அந்த அளவு நீரை எடுப்பதால் மூச்சுக்குக் கிடைக்கும் பலன் சொற்பம். ஒன்றரை செ.மீ.க்குக் குறைவான படலத்தில் ஊசி போட நாங்கள் தயங்குவோம். 18 மி.மீ. அந்த எல்லைக்கு மிகப் பக்கத்தில். மெஷின் காற்றைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் நுரையீரல் ஊசிமுனையை நோக்கி வரும். இடது பக்கம் இதயமும் அருகில் இருக்கிறது. போதாக்குறைக்கு, பைபாஸுக்குப் பிறகு அவர் இரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகள் சாப்பிட்டு வந்தவர்.

இரண்டு பக்கமும் நீர், பலவீனமான இதயம், குறைந்த சிறுநீர் என்று மூன்றும் சேர்ந்து வரும்போது, நெஞ்சில் ஊசி போடாமல், நீர் பிரியும் மருந்தாலோ தேவைப்பட்டால் டயாலிசிஸாலோ உடம்பின் மொத்த நீரையும் குறைப்பதே அடிப்படை வைத்தியம். டென்மார்க்கில் அண்மையில் இதயச் செயலிழப்பால் நீர் கோத்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து மட்டும், மற்றதற்கு மருந்தோடு நீரையும் எடுத்தார்கள். மருத்துவமனைக்கு வெளியே உயிரோடு கழித்த நாட்களில் வேறுபாடு இல்லை. அவர்கள் வெண்டிலேட்டரில் இருந்தவர்கள் அல்லர் என்பதால் அப்படியே உங்கள் அப்பாவுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் 'நீர் என்றால் எடுத்தே ஆக வேண்டும்' என்ற எண்ணத்தை அது கொஞ்சம் தளர்த்தும்.

எடுத்தே ஆக வேண்டிய நீரும் உண்டு. சீழ் என்றால், நீரில் கிருமி இருந்தால், அதன் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 7.2க்குக் கீழே போயிருந்தால், இரத்தமாக இருந்தால் தாமதிக்கக் கூடாது, அளவு முக்கியமில்லை. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது எத்தனை மி.லி. என்பதை அல்ல, அது என்ன நீர் என்பதை. வலது பக்கத்து நீரைப் பரிசோதனைக்கு அனுப்பி மூன்று நாள் ஆகிறது, இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்கிறீர்கள். இங்கே உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. புரதம், எல்.டி.எச். என்ற நொதி, சர்க்கரை, செல் எண்ணிக்கை ஆகியவை அன்றே அல்லது மறுநாளே வந்துவிடும். காசநோய் சந்தேகத்துக்குப் பார்க்கும் ஏ.டி.ஏ.வும் பெரிதாகத் தாமதமாகாது. கிருமி கல்ச்சருக்குத்தான் சில நாட்கள் பிடிக்கும். நாளைக் காலை ரவுண்ட்ஸில் இதைக் கேளுங்கள். நிமோனியா போன்ற நோயால் கசிந்த அழற்சி நீர் என்று வந்து, காய்ச்சலும் அடங்காமல் இருந்தால், இடது பக்கத்திலிருந்து பரிசோதனைக்காகவாவது கொஞ்சம் எடுக்க வேண்டுமா என்ற உங்கள் கேள்வியும் நியாயமான கேள்வியாகிவிடும். இதயமோ சிறுநீரகமோ தளர்ந்ததால் தேங்கிய வெறும் ஊறல் நீர் என்று வந்தால் விட்டு வைத்ததே சரி.

பெரியப்பாவுக்கு

எடுத்தால் ஊறும் என்பதை அவர் எங்கோ கண்ணால் பார்த்துத்தான் சொல்லியிருப்பார், பொய்யில்லை. புற்றுநோயாலோ முற்றிய ஈரல் நோயாலோ நீர் கோத்தவர்களுக்கு வாரம் ஒருமுறைகூட எடுக்க நேர்கிறது. ஆனால் ஊறுவது எடுத்ததால் அல்ல. ஊறவைக்கும் நோய் அப்படியே இருப்பதால். எடுக்காமல் விட்டாலும் ஊறத்தான் செய்யும். ஓட்டுக்கூரை ஒழுகும் வீட்டில் பாத்திரத்தைக் காலி செய்ததால்தான் மறுபடி நிறைகிறது என்று யாரும் சொல்லமாட்டோமே. நிமோனியாவும் அடங்கி, சிறுநீரும் சீராகப் போகத் தொடங்கினால், இந்த நீர் திரும்பாமலே போகலாம்.

படிவமும் பாட்டிலும்

உயிரிழப்பு என்ற சொல்லைப் படித்துவிட்டு நடுங்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை மறைக்காமல் எழுதியது சரி. இரவு பதினொரு மணிக்கு இரண்டு நிமிடத்தில் வாங்கியது சரியில்லை. மேலே சொன்ன தொகுப்பாய்வில் நுரையீரல் ஓட்டையாகி நெஞ்சுக்குள் காற்றுப் புகுந்தது 100க்கு 3.4 பேருக்கு, இரத்தக்கசிவு 1.6 பேருக்கு. காற்றுப் புகுவது நடமாடும் ஒருவருக்கு நடந்தால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளலாம். வெண்டிலேட்டரில் இருப்பவருக்கு நடந்தால், மெஷினே ஓட்டை வழியாகக் காற்றைத் தள்ளித் தள்ளி நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, சில நிமிடங்களில் இரத்த அழுத்தம் சரிந்துவிடக்கூடும். படிவத்தில் அந்தச் சொல் இருப்பது இதற்காகத்தான். ஸ்கேன் வைத்து இடம் பார்ப்பதும், நரம்பும் இரத்தக்குழாயும் விலா எலும்பின் கீழ்விளிம்பை ஒட்டி ஓடுவதால் ஊசியை அடுத்த எலும்பின் மேல்விளிம்பை ஒட்டிச் செலுத்துவதும், முடிந்த பின் மறுபடி ஸ்கேனோ எக்ஸ்ரேயோ எடுப்பதும் இந்த ஆபத்தைக் குறைக்க.

பாதியில் குழாயை மூடியது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். நெடுநாள் சுருங்கியிருந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால், அபூர்வமாக, அதற்குள்ளேயே நீர் கசிந்து நிலைமை மோசமாகும். அதனால் ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதைத் தவிர்ப்போம். நடுவில் மூடி ஆற விடுவதும் உண்டு. விழித்திருப்பவர் என்றால் இருமுவார், நெஞ்சு இறுக்குகிறது என்பார், நிறுத்திவிடுவோம். மயக்கத்தில் இருப்பவர் சொல்லமாட்டார், அதனால் எச்சரிக்கை கூடுதல்.

அடுத்தது, நெஞ்சுக் குழாயின் மறுமுனை தண்ணீரில் மூழ்கியிருக்கும் அந்தப் பாட்டில். மெஷின் காற்றைத் தள்ளும்போது குழாயில் நீர்மட்டம் இறங்குகிறது, பக்கத்துப் படுக்கைக்காரருக்கு மூச்சை இழுக்கும்போது ஏறுகிறது, அப்பாவுக்கு மட்டும் தலைகீழாக மாட்டிவிட்டார்களா என்று பயந்திருக்கிறீர்கள். இதைக் கவனித்ததற்கு உங்களுக்கு ஒரு சபாஷ். மருத்துவ மாணவர்களிடம் நான் கேட்கும் கேள்வி இது. தானாக மூச்சு இழுப்பவரின் நெஞ்சுக்குள் அழுத்தம் குறைகிறது, நீர் மேலே ஏறும். மெஷின் தள்ளும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடுகிறது, நீர் கீழே இறங்கும். அப்பாவுக்கு இருப்பதுதான் சரி. திடீரெனக் குமிழி வரத் தொடங்கினாலோ, அசைவே நின்று போனாலோ நர்ஸிடம் சொல்லுங்கள். பாட்டிலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கக் கூடாது. குழாயை மூடுவதும் திறப்பதும் அவர்கள் வேலை. யாரும் கை வைக்க வேண்டாம்.

மாற்றுவதா, நகல் கேட்பதா

அண்ணனின் கோபம் எனக்குப் புரிகிறது. ஒன்பது நாள் ஐ.சி.யூ. செலவு என்பது ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு. ஆனால் கோபத்தில் மாற்றுவது வேறு, காரணத்தோடு மாற்றுவது வேறு. 55 விழுக்காடு ஆக்சிஜனில், நெஞ்சில் குழாயோடு, பலவீனமான இதயத்தோடு ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றுவது சாதாரணப் பயணம் அல்ல. போகும் இடத்தில் வெண்டிலேட்டர் படுக்கை உறுதியான பிறகு, மருத்துவர் ஒருவர் உடன் வரும் ஆம்புலன்ஸில் மட்டுமே அதைச் செய்ய வேண்டும். பணம்தான் காரணம் என்றால் வெட்கப்படாமல் அதையே சொல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், அந்த மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்ற, மருத்துவரிடமிருந்து மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள். 'ஆலோசனைக்கு எதிராக' என்று எழுதிக்கொடுத்துவிட்டு இரவோடு இரவாகக் கிளம்புவது மட்டும் வேண்டாம்.

அதற்கு முன் ஆபத்தில்லாத ஒரு வழி இருக்கிறது: அவரை அசைக்காமல் தாள்களை மட்டும் வேறொரு நுரையீரல் மருத்துவரிடமோ தீவிர சிகிச்சை மருத்துவரிடமோ காட்டுவது. நோயாளியோ அவர் சார்பில் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிமுறைகள் சொல்கின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்திலும் பதிவேடு பெறும் உரிமை, இரண்டாம் கருத்துப் பெறும் உரிமை இரண்டும் இருக்கின்றன. எழுத்தில் கேளுங்கள், தேதி போடுங்கள், ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். சண்டைக்காரத் தொனி வேண்டாம். 'வேறொருவரிடம் கருத்துக் கேட்க விரும்புகிறோம்' என்ற ஒரு வரி போதும். எங்களில் பெரும்பாலோர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டோம். எடுத்துக்கொள்பவர்களுக்கும் அந்த விதி பொருந்தும்.

ஒப்புதலைப் பற்றி ஒரு வார்த்தை. என்ன செய்யப் போகிறார்கள், ஏன், வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கிய பிறகு பெறும் சம்மதமே சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உயிர் காக்கும் அவசரம் அதற்கு விலக்கு. ஆறாம் நாள் இரவில் அவசரம் எவ்வளவு இருந்தது என்பது எனக்குத் தெரியாது. அடுத்த முறை படிவம் நீட்டப்பட்டால், இந்த நான்கையும் கேட்டுவிட்டுப் பேனாவைத் திறங்கள். நாளைக் காலை மருத்துவரைப் பார்க்கும்போது அண்ணனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நோட்டை எடுத்துக்கொண்டு போய் 130, 153 என்ற இரண்டு எண்களையும் காட்டி, இன்றைக்கு அந்தக் கணக்கு எவ்வளவு என்று கேளுங்கள். அது ஏறிக்கொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா, இறங்குகிறதா என்பதைப் பொறுத்துத்தான் அவர்களும் அடுத்த முடிவை எடுப்பார்கள்.

கடைசியாக அம்மாவின் கேள்வி: சளி இளகுவதற்குக் கற்பூராதித் தைலத்தைச் சூடு பண்ணி அப்பாவின் நெஞ்சில் தேய்க்க நர்ஸ் விடமாட்டேன் என்கிறாராம். அந்த நர்ஸ் சொல்வதைக் கேளுங்கள். எண்ணெய் பட்டால் குழாயைப் பிடித்திருக்கும் பிளாஸ்திரி நழுவும். குழாய் வெளியே வந்தால் மறுபடி ஊசி, மறுபடி படிவம். கெண்டைக்காலை அழுத்திப் பிடித்துவிடவும் வேண்டாம். ஒன்பது நாளாகப் படுத்திருப்பவரின் காலில் இரத்தம் உறைந்திருந்தால் ஆபத்து. உள்ளே விடும் நேரத்தில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, விரலில் கிளிப் மாட்டியிருக்காத கையாகப் பார்த்து, உள்ளங்கையைத் தேய்த்துவிடட்டும். தைலம் இல்லாமல்.